சலான் வந்திருக்கிறதா? கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பொறுங்கள்

வண்டிக்கு டிராஃபிக் சலான் (அபராத நோட்டீஸ்) மெசேஜ் வந்ததும் கை நேராகப் போவது ஜிபே பக்கம்தான். ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும், அப்பா காதுக்குப் போகாமல் முடிந்தால் சரி என்று அன்றைக்கே கட்டிவிடுகிற பிள்ளைகள் நம் ஊட்டி, குன்னூர் பக்கம் நிறையப் பேர். இன்னும் சிலர் "நான் ஒண்ணும் பண்ணலை, கோர்ட்டுக்கே போறேன்" என்று கோபத்தில் கிளம்புவார்கள். இரண்டும் அவசரம். பணத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அப்புறம் அந்த சலானை எதிர்த்துப் பேச இடமில்லை. எதிர்ப்பது என்று இறங்கிவிட்டுக் கையில் ஆதாரம் இல்லாமல் நின்றால் காலேஜுக்கு லீவு, பஸ் செலவு, வாய்தா என்று அலைச்சல்தான் மிச்சம். ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் அது உண்மையான சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று ஒரு ஏபிகே ஃபைலோடு வந்தால் அது மோசடி, தொடவே தொடாதீர்கள். இன்ஸ்டால் செய்தால் பேங்க் கணக்கு காலியாகும். மெசேஜில் வந்த லிங்கை அழுத்தாமல், பரிவாஹன் என்ற மத்திய அரசு போக்குவரத்துச் சேவையின் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் (முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும்) வண்டி நம்பரையோ சலான் நம்பரையோ போட்டுப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நீங்கள் ஓட்டும் வண்டி பெரும்பாலும் அப்பா பெயரிலோ மாமா பெயரிலோதான் இருக்கும். ஆர்சியில் எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறதோ அதற்குத்தான் மெசேஜ் போகும். அது பழைய நம்பராக இருந்தால் யாருக்குமே தெரியாமல் சலான்கள் சேர்ந்துகொண்டே போகும். எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போதோ, வண்டியை விற்கப் பெயர் மாற்றப் போகும்போதோதான் ஆர்டிஓ ஆபீஸில் தெரியவரும். மெசேஜ் அப்பாவுக்குப் போகிறது என்றால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "அப்பா, எது வந்தாலும் என்கிட்டக் காட்டாமக் கட்டிடாதீங்க." பெரியவர்களுக்குப் போலீஸ், கோர்ட் என்றாலே ஒரு பயம், உடனே கட்டி முடிக்கத்தான் பார்ப்பார்கள். ஓட்டியது நீங்கள், லைசென்ஸ் உங்களுடையது, அதனால் முடிவிலும் நீங்கள் இருக்க வேண்டும்.

சரி, சலான் உண்மைதான். இப்போது அதை நிதானமாகப் படியுங்கள். தேதி, நேரம், இடம், வண்டி நம்பர், எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை, படம், பதில் சொல்ல அல்லது கட்டக் கடைசி நாள் என்ன, எல்லாவற்றையும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது ரொம்ப முக்கியம். கோத்தகிரி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பையன் வீட்டுப் பிக்கப் வண்டிக்கு ஹெல்மெட் போடவில்லை என்று சலான் வந்தது. தேயிலை மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு எதற்கு ஹெல்மெட்? படத்தைத் திறந்தால் ஒரு ஸ்கூட்டர், பின்னால் மழைக்கோட்டில் ஒருவர், நம்பர் பிளேட்டில் பாதி சேறு, கடைசி எண்ணில் இருந்த 3 மெஷினில் 8 ஆகப் பதிவாகியிருந்தது. இந்த மாதிரி ஒன்று வந்தால் யோசிக்க எதுவுமே இல்லை, எதிர்க்க வேண்டும். ஆயிரம்தானே என்று கட்டினால் செய்யாத குற்றம் உங்கள் வண்டியின் கணக்கில் நிற்கும், அடுத்த தடவை உண்மையாகவே ஏதாவது நடந்தால் அது இரண்டாவது குற்றமாகப் பார்க்கப்படலாம். சில குற்றங்களுக்கு இரண்டாவது முறை தொகை இன்னும் அதிகம்: இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் முதல் முறை 1,000, மறுபடியும் என்றால் 10,000.

படமும் நம்பரும் சரி, அன்று ஓட்டியதும் நீங்கள்தான், ஹெல்மெட்டும் போடவில்லை என்றால்? கட்டிவிடுங்கள். இதில் வீம்பு வேண்டாம். பின்னால் உட்கார்ந்தவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது தெரியாது என்றோ, பக்கத்துக் கடைக்குத்தான் போனேன் என்றோ சொல்வதெல்லாம் கோர்ட்டில் நிற்காது. பனி, மழை, வழுக்கும் ரோடு, ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கிற நம் ஊரில் ஹெல்மெட் இல்லாமல் போகிற பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும், அதனால் இந்தச் சலானில் போலீஸ் பக்கம்தான் நான்.

ஆனால் கட்டுவதற்கு முன்னால் தொகையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதுதான் லைசென்ஸ். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு 194-டி பிரிவு, ஹெல்மெட் இல்லையென்றால் ஆயிரம் ரூபாயோடு 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்றும் சொல்கிறது. ஒவ்வொரு ஹெல்மெட் சலானுக்கும் லைசென்ஸை எடுத்துவிடுகிறார்கள் என்று இல்லை, ஆனால் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, பைக்கில் மூன்று பேர், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது ஆகியவையும் இதே வரிசையில் வரும். இவற்றில் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. சொந்தமாக டாக்சி ஓட்டலாம் என்றோ, அரசு டிரைவர் வேலைக்கு மனுப் போடலாம் என்றோ நினைத்திருக்கும் 20 வயதுப் பையனுக்கு 3 மாதம் லைசென்ஸ் முடங்குவது ஆயிரம் ரூபாயைவிடப் பெரிய அடி. நம் ஊரில் பாதிக் குடும்பங்கள் சீசன் டாக்சியை நம்பித்தான் இருக்கின்றன, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சலானில் உள்ள பிரிவு எண்ணைப் பார்த்து, இது வெறும் காசோடு முடிகிற பிரிவா, லைசென்ஸைத் தொடுகிற பிரிவா என்று பிரியுங்கள். காசோடு முடிகிறது, தப்பும் உங்களுடையது என்றால் கட்டுங்கள். லைசென்ஸைத் தொடும், உங்கள் பக்கம் நியாயமும் ஆதாரமும் இருக்கிறது என்றால் எவ்வளவு அலைச்சல் ஆனாலும் எதிர்த்து நில்லுங்கள்.

ஆர்டிஓ நேரடியாக லைசென்ஸை முடக்கிவிட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் உத்தரவு போட வேண்டும், உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். விளக்கம் கேட்டு லெட்டர் வந்தால் மேஜை மேல் போட்டு வைக்காதீர்கள்.

"இருக்கிறது, ஆனால் கையில் இல்லை" என்ற வகைச் சலான்களை எதிர்ப்பதில் பாதி வேலை சுலபம். லைசென்ஸே எடுக்காமல் ஓட்டினால் 5,000. லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தது அதில் சேராது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-வது விதிப்படி போனில் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்பரிவாஹன் ஆப்பிலோ காட்டினால் செல்லும். அந்த நேரத்தில் காட்ட முடியவில்லை என்றால் கேட்ட தேதியிலிருந்து 15 நாளுக்குள் அத்தாட்சி பெற்ற நகலை நேரில் கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ அதே விதியில் வழி இருக்கிறது. மஞ்சூர், குந்தா பக்கம், கல்லட்டி இறக்கம் மாதிரி இடங்களில் டவர் கிடைக்காமல் ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும், அதனால் கார்டையே பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். லைசென்ஸ் இருந்தும் 5,000 ரூபாய்ச் சலான் போட்டிருந்தால் கண்டிப்பாக மனுக் கொடுங்கள், சலான் தேதியில் அந்த வண்டிக்கு உங்கள் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தது என்பதே நல்ல ஆதாரம்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். பாலிசி கையில் இருக்கும், ஆனால் ஆன்லைனில் ஏறியிருக்காது, மெஷினில் "இல்லை" என்று காட்டும். பாலிசியில் எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து செல்லும் என்று அச்சடித்திருப்பார்கள், அந்த நேரம் சலான் நேரத்துக்கு முன்னால் இருந்தால் உங்கள் பக்கம் பலம். சலான் வந்த பிறகு ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப்பித்துவிட்டு அதைக் காட்டுவதில் பயனில்லை. அந்த நேரத்தையும் பார்ப்பார்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எல்எல்ஆர் 6 மாதம்தான் செல்லும். கார் என்றால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், பைக் என்றால் பின்னால் லைசென்ஸ் உள்ளவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது, வண்டியில் எல் போர்டும் வேண்டும். எல்எல்ஆரோடு கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு பைக்காரா வரை போய் மாட்டியிருந்தால் எதிர்க்க உங்களிடம் ஒன்றும் இல்லை.

18 நிரம்பாதவர் ஓட்டிய கேஸ் என்றால் இதைப் படித்துவிட்டு நீங்களாக முடிவெடுக்காதீர்கள். 199-ஏ பிரிவில் குற்றவாளியாகப் பார்க்கப்படுபவர் பெற்றோர் அல்லது வண்டி ஓனர்தான்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வீட்டில் உடனே சொல்லுங்கள், வக்கீலைப் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டிய கேஸும் வக்கீலிடம் போக வேண்டியதுதான்: முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

இப்போது ஆதாரம். எதிர்ப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான், இதில் நாள் கடத்தவே கூடாது. போலீஸ் நிறுத்தி எழுதியிருந்தால் அன்றைக்கே அந்த இடத்துக்குத் திரும்பப் போய்ப் படம் எடுங்கள். நீலகிரியில் இது ஏன் முக்கியம் என்றால், இங்கே டிராஃபிக் மாற்றங்கள் பல தற்காலிகமானவை. ஏப்ரல், மே சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள், ஊட்டி டவுனுக்குள்ளும் சில ரோடுகள் ஒன்வே ஆகும், சீசன் முடிந்ததும் தடுப்புகளையும் போர்டுகளையும் எடுத்துவிடுவார்கள். ஒன்வேயில் எதிரே வந்தீர்கள் என்று சலான் போட்ட இடத்தில் அன்று போர்டு இருந்ததா, மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்ததா, தடுப்பு எந்தப் பக்கம் வைத்திருந்தார்கள் என்பதை ஜூலையில் போய் நிரூபிக்க முடியாது. நீங்கள் வந்த திசையிலிருந்து, உங்கள் வண்டி சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, இருபது அடிக்கு ஒன்றாக வரிசையாகப் படம் எடுத்து வையுங்கள், போனில் தேதியும் நேரமும் பதிவாகும். பனி மூடிய நாளாக இருந்தால் அதையும் படம் எடுங்கள். போர்டு கண்ணுக்கே தெரியவில்லை என்று வாயால் சொல்வதைவிடப் படம் பேசும்.

பக்கத்துக் கடை, பங்க், லாட்ஜ் கேமராக்களில் உங்களுக்குச் சாதகமாக ஏதாவது பதிவாகியிருக்கலாம். பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், அதனால் "அண்ணா, அந்த நேரத்துப் பதிவை மட்டும் எடுத்துக் கொடுங்க" என்று உடனே கேளுங்கள். நீங்கள் அந்த ஊரிலேயே இல்லை என்றால் காலேஜ் வருகைப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பங்க் பில், போனில் இருக்கும் லொக்கேஷன் விவரம், எது கிடைத்தாலும் சேருங்கள்.

கொண்டை ஊசி வளைவில் எதிரும் புதிருமாக நின்றதற்கு ஆபத்தாக ஓட்டியதாக எழுதியிருந்தால் ஒரு விதியை நினைவில் வையுங்கள்: இரண்டு வண்டி கடக்க இடமில்லாத மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் பலருக்கு இது தெரியாது, வளைவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டுச் சத்தம் போடுவார்கள். நீங்கள் ஏறிக்கொண்டிருந்தீர்கள் என்பதை டேஷ்கேம் பதிவிலோ பக்கத்தில் இருந்தவர் சாட்சியிலோ காட்ட முடிந்தால் அந்தச் சலானை நிச்சயம் எதிர்க்கலாம். 184-ஆவது பிரிவில் அபராதம் 1,000 முதல் 5,000 வரை, முதல் குற்றத்துக்கே சிறைக்கும் இடம் இருக்கிறது, லைசென்ஸையும் தொடும், அதனால் லேசாக விடக் கூடிய பிரிவு இல்லை இது.

கேமரா வழியாக வந்த சலானில் இன்னொன்றும் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் சேர்த்த 167-ஏ விதி, குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், தெளிவான படம், கருவி அளந்த வேகம், இடம், நேரம் எல்லாம் இருக்க வேண்டும், கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும் என்கிறது. நோட்டீஸ் தாமதம் என்ற ஒரே காரணத்தை நம்பிக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. வேறு நல்ல காரணத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள், அப்போது எடை கூடும்.

ஆதாரம் சேர்ந்ததும் முதல் படி கோர்ட் இல்லை, மனுதான். இ-சலான் தளத்திலேயே புகார் பதிய வழி இருக்கிறது, அங்கே படங்களை இணைத்து அனுப்புங்கள். கூடவே சலான் போட்ட டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் ஒன்று கொடுங்கள். நீளமாக எழுத வேண்டாம், கோபமும் வேண்டாம். இந்த அளவு போதும்: "ஐயா, எனது வாகனத்தின் மீது இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் தலைக்கவசம் அணியவில்லை என்று சலான் பதிவாகியுள்ளது. எனது வாகனம் நான்கு சக்கர வாகனம். சலான் படத்தில் இருப்பது இரு சக்கர வாகனம். ஆர்சி நகல், சலான் நகல், படம் இணைத்துள்ளேன். சலானை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் சீல் வைத்துத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "வெச்சுட்டுப் போப்பா, பார்க்கிறோம்" என்பார்கள், "சார், ஒரு சீல் மட்டும்" என்று பணிவாகக் கேட்டு நில்லுங்கள். அந்தச் சீல் இல்லாமல் நீங்கள் மனுக் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. ஓட்டியது வேறு ஒருவர் என்றால் அதையும் ஓனர் எழுத்தில் சொல்லிவிட வேண்டும், ஓட்டியவர் விவரத்தைக் கேட்டால் ஓனர் தர வேண்டும் என்பது சட்டம்.

அங்கே தீராவிட்டால், அல்லது சலான் ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போய்விட்டால், விர்ச்சுவல் கோர்ட் (ஆன்லைன் கோர்ட்) தளத்தில் உங்கள் வண்டி நம்பரைத் தேடினால் கேஸ் தெரியும். அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி கொடுத்திருப்பார்கள். எதிர்க்கிறேன் என்று கொடுத்தால் கேஸ் வழக்கமான மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும். எந்தக் கோர்ட் என்பதைச் சம்பவம் நடந்த இடம் தீர்மானிக்கும், இந்த இடத்தில்தான் கணக்குப் போட வேண்டும். குன்னூர்க்காரருக்குக் குன்னூரிலேயே கேஸ் என்றால் அரை நாள் வேலை. கோயம்புத்தூரில் படிக்கும்போது காந்திபுரத்தில் விழுந்த சலான் என்றால், ஊட்டியிலிருந்து கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர் இறங்கி ஏற வேண்டும், அதுவும் ஒரு வாய்தாவில் முடியும் என்று சொல்ல முடியாது. அபராதம் 500, லைசென்ஸுக்குப் பாதிப்பில்லை, ஆதாரமும் அரைகுறை என்றால் அந்த அலைச்சலுக்கு அர்த்தமில்லை, கட்டிவிடுங்கள். தோற்றால் அபராதம் கூடுமா என்றும் பாருங்கள்: ஹெல்மெட் மாதிரி சட்டத்திலேயே ஒரே தொகை எழுதியிருக்கும் பிரிவில் தொகை கூடுவதற்கு இடமில்லை, 184 மாதிரி "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்று இருந்தால் கூடலாம்.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் இலவச வக்கீல் கேட்கலாம், 15100 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். நேரே நம்பரும் பெயரும் தப்பான கேஸ் என்றால் நீங்களே நின்றும் பேசலாம்.

கோர்ட் நாளில் பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். டவாலி பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் டீக்கடையில் இருந்தால் கேஸ் தள்ளிப்போகும், வாரண்ட் வரைக்கும் போகவும் வாய்ப்புண்டு. போனை அணைத்துவிடுங்கள். மாஜிஸ்திரேட் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதற்றத்தில் "ஆமாங்கய்யா, ஆனா..." என்று ஆரம்பிக்கிற பிள்ளைகள் உண்டு. "ஆமாம்" என்று சொன்ன அந்த இடத்திலேயே கேஸ் முடிந்துவிடும், அதற்குப் பின்னால் வரும் "ஆனா"வை யாரும் கேட்கப் போவதில்லை. "இல்லை ஐயா, நான் எதிர்க்கிறேன், ஆதாரம் கொண்டுவந்திருக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் போலீஸ் தரப்புச் சாட்சிக்கு வேறு தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதியை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள், மூலப்பதிவைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

தள்ளுபடி ஆனாலும் சரி, அபராதம் கட்டினாலும் சரி, வேலை அங்கே முடியவில்லை. உத்தரவு நகலுக்கு மனுப் போட்டு வாங்குங்கள், கட்டியிருந்தால் ரசீதைச் சேமியுங்கள், ஒரு வாரம் கழித்து இ-சலான் தளத்தில் அது முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். இன்னும் நிலுவை என்றே காட்டினால் நகலோடு சலான் போட்ட ஸ்டேஷனிலும் ஆர்டிஓ ஆபீஸிலும் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள், அப்படியே ஆர்சியில் மொபைல் நம்பரையும் மாற்றிவிடுங்கள்.